தட்டைப் பாதம்: இன்சோலா, பயிற்சியா, நடையைத் திருத்துவதா?

தட்டைப் பாதக்காரர்கள் முதலில் முன்காலில் எக்கி நின்று பாருங்கள். உள்ளங்கால் வளைவு எழும்பினால் பாதம் நெகிழ்வானது, இந்த ஒப்பீடு உங்களுக்குத்தான். எழும்பாவிட்டால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். நெகிழ்வான பாதத்தில் வலியே இல்லையென்றால் எதுவும் செய்யத் தேவையில்லை.

ஷூவுக்குள் வைத்து வளைவைத் தாங்கும் மெத்தையான இன்சோல் போட்டதும் பலருக்கு வலி குறையும். ஆனால் அது ஷூவுக்குள் இருக்கும்வரைதான் தாங்கும். வளைவை நிரந்தரமாக உயர்த்தாது. நாம் வீட்டுக்குள் செருப்புக்கூடப் போடுவதில்லை. காலையிலிருந்து சமையலறையில் வெறுங்காலோடு நிற்கும் அம்மாவுக்கு ஷூ இன்சோல் வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

பயிற்சியில் முக்கியமானது 'ஷார்ட் ஃபுட்'. குதிகாலும் விரல்களும் தரையில் இருக்க, பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவைத் தூக்க வேண்டும். விரல்கள் மடங்கக் கூடாது. மடங்கினால் கெண்டைக்காலிலிருந்து வரும் நீளத் தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், பாதத்தின் சின்னத் தசைகள் சும்மா இருக்கும். காலால் துண்டைச் சுருட்டும் பயிற்சியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். உட்கார்ந்து தொடங்கி, நின்று, அப்புறம் ஒற்றைக்காலில். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் தசை வலுத்துவிட்டால் நடை தானாக மாறிவிடாது. மாடிப்படி இறங்கும்போது முட்டி உள்ளே சாய்ந்தால் பாதமும் கூடவே சாயும். அங்கே கவனிக்க வேண்டியது இடுப்பின் பக்கத் தசையையும்தான். முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக வரும்படி மெதுவாக இறங்கிப் பழகலாம். யாரையாவது பின்னாலிருந்து போனில் படம் எடுக்கச் சொன்னால் சாய்வு தெரியும். ஓடுபவர்கள் வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டி மீதான சுமை குறையும். வளைவு உயரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வெறுங்கால்தான் மருந்து என்பவர்கள் 1992இல் வெளிவந்த இந்திய ஆய்வைக் காட்டுவார்கள். 2,300 குழந்தைகளில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம். சரி, அது வளரும் பாதம். நாற்பது வயதில் ஷூவைத் தூக்கியெறிய அது காரணமாகாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

என் தேர்வு: வலி இருந்தால் வெளியே போகும்போது இன்சோல், வீட்டில் ஷார்ட் ஃபுட், படியில் நடைப் பழக்கம். பெரியவர்களுக்கு ஒரு காலில் மட்டும் புதிதாக வளைவு சரிந்து, கணுக்காலின் உட்புறம் வலித்து வீங்கினால், அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் கோளாறாக இருக்கலாம். அப்போது பயிற்சியைத் தொடங்காமல் டாக்டரிடம் போங்கள்.