ஜிம், நடை, யோகா: கடலூர் மழையில் எது தாங்கியது?

2024 ஜனவரியில் அலுவலகத்தில் வைத்த மருத்துவ முகாமில் என் ரத்த அழுத்தம் 146/92 என்று வந்தது. வயது 46. வீடு கடலூர் புதுப்பாளையம், வேலை புதுச்சேரியில். 22 கிலோமீட்டர்தான், ஆனால் அரியாங்குப்பத்தில் பஸ் நின்று நின்று நகரும் அழகில் ஒரு மணி நேரம் போய்விடும். போக வர இரண்டு மணி நேரம் பஸ், நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலி. இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மாதக் கடைசிக் கணக்கெல்லாம் தலைக்குள் ஓடத் தொடங்கும். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "உப்பைக் குறைங்கம்மா, உடம்பை அசைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எப்படி அசைப்பது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. நடை என் வீட்டுக்காரரின் கட்சி, அவரோடு நானும் அவ்வப்போது நடந்திருக்கிறேன். ஜிம்முக்குப் பிப்ரவரி முதல் மே வரை போனேன். யோகா அந்த ஜூனில் தொடங்கியது, இன்றுவரை ஓடுகிறது. ஆகவே நான் எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செலவை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஜிம்மில் ஆண்டுக்கு 9,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள், யோகா வகுப்பு மாதம் 700, நடை இலவசம். இலவசம் என்பது பேச்சுக்குத்தான். கடலூர் சில்வர் பீச் கடற்கரையில் 40 நிமிடம் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் டீயும் இரண்டு மெதுவடையும் முடித்துவிட்டு வருபவரின் கணக்கு எனக்குத் தெரியும்.

நடையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இதயத்துக்கு அது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். வேலை முடிந்து காந்தி சிலை பக்கம் காற்று வாங்கிக்கொண்டே நடந்த நாட்களில் மனசு லேசானது உண்மை. ஆனால் அப்படி நடந்தால் கூட்டமில்லாத பஸ் போய்விடும், வீட்டுக்கு வர எட்டரை ஆகும், அப்புறம் தோசைக்கல் எனக்காகக் காத்திருக்கும். இடுப்பு வலிக்கும் நடையால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஜிம் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. நாலு மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நான் சேர்ந்த இடத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் காலை 10 முதல் 12 வரை. வேலைக்குப் போகிற பெண் அந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பொது நேரத்தில் போனேன். ஆனால் தசை பலம் என்று வந்தால் மற்ற இரண்டும் ஜிம்முக்குக் கிட்டே வராது. நாற்பதைத் தாண்டினால் தசை கரையத் தொடங்குகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து தேய்கிறது. எடை தூக்குவது இரண்டுக்கும் நல்லது. மூன்றாவது மாதத்தில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தனியாக நகர்த்தினேன்.

யோகாவுக்கு இந்த ஊர்ப்பக்கம் ஒரு சௌகரியம் உண்டு, ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம். சுவாமி கீதானந்தர் புதுச்சேரியில் ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கியது 1968-இல். வருடா வருடம் ஜனவரி 4 முதல் 7 வரை சர்வதேச யோகா விழா நடக்கிறது. ஜிப்மர் மருத்துவமனையிலேயே யோகா சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. (வெளியூர் உறவினர்கள் அரவிந்தர் ஆசிரமத்தில் ஆசனம் சொல்லித்தருவார்களா என்று கேட்பார்கள். அவருடைய பூரண யோகம் ஆசனங்களை நம்பி நிற்பதில்லை, அது வேறு வழி.) எங்கள் டீச்சர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. மாடியில் வகுப்பு, அதிகாலை ஐந்தே முக்காலுக்கு, எட்டுப் பெண்கள்.

இடுப்புக்குப் பவனமுக்தாசனம், சேதுபந்தாசனம், புஜங்காசனம். ஆறாவது வாரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்து ஒரு நொடி நின்று நிமிர வேண்டிய பழக்கம் போயிருந்தது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. அதே பட்டியலில் உடற்பயிற்சியும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

தூக்கத்துக்கு உதவியது மூச்சுப் பயிற்சி. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் பதற்றமாக இருக்கும் உடம்பு மெல்ல அடங்குகிறது. இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. படுத்தபடியே நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவேன், இருபதாவது மூச்சுக்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். ஜிம் சாமான் எதையும் அந்த நேரத்தில் கட்டிலுக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் என்னை யோகா பக்கம் இழுத்தது இடுப்புமில்லை, தூக்கமுமில்லை. விட்டுப்போனால் திரும்பத் தொடங்குவது எதில் சுலபம் என்பதுதான். எந்தப் பயிற்சியும் நம் வீடுகளில் விட்டுப்போகத்தான் செய்யும். பிள்ளைக்குத் தேர்வு, மாமியாருக்குக் காய்ச்சல், ஊரில் திருவிழா. கடலூரில் இதற்கெல்லாம் மேலே ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது.

அந்த ஏப்ரலில் அம்மா 18 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்ப ஜிம்முக்குப் போன அன்று பழைய எடையையே தூக்கினேன், என் தப்புதான். மறுநாள் கையை உயர்த்தித் தலைவார முடியவில்லை. குறைத்துத் தூக்கச் சொன்னார்கள், குறைத்தால் மூன்று மாத உழைப்பு வீணாகிவிட்டதே என்று வெறுப்பு வந்தது. இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளி மே முடிவில் நின்றேவிட்டது. மீதிப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள்.

நடைக்கு எதிரி மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஒரே நாளில் அங்கே 46 செ.மீ.க்குக் குறையாத மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், சாக்கடையும் சேர்ந்தது. அந்த வருடம் என் வீட்டுக்காரரின் நடை தீபாவளியோடு நின்றது. "தை பொறந்ததும் போறேன்" என்றார். பொங்கலும் போய், மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போனபோதுதான் அவருக்கு நடை ஞாபகம் வந்தது.

எனக்கும் வகுப்பு மூன்று வாரம் இல்லை. மின்சாரமும் இல்லை, கைபேசியில் சார்ஜும் இல்லை. இருந்தது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆறடி இடம். தாடாசனமும் பூனை போல் முதுகை வளைப்பதும் செய்தேன், பல நாள் பத்தே நிமிடம். நடுவில் ஐந்தாறு நாள் அதுவும் இல்லை. மறுபடி வகுப்புக்குப் போனபோது குனிந்தால் விரல் தரையைத் தொடவில்லை, ஒரு சாண் இடைவெளி. டீச்சரிடம் சொன்னேன். "எவ்ளோ வருதோ அங்கயே நில்லும்மா, தரை எங்கயும் ஓடிடாது" என்றார். அவ்வளவுதான். எட்டு நாளில் தொட்டுவிட்டேன். விட்டதற்குத் தண்டனை இல்லாத பயிற்சி எனக்கு இது ஒன்றுதான்.

இனி யோகாவின் குறைகள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாங்கள் செய்கிற மெதுவான யோகாவில் மூச்சு வாங்குவதே இல்லை. அதை மட்டும் நம்பினால் அந்தக் கணக்கு நிறையாது. எடையும் பெரிதாகக் குறையவில்லை, வருடத்தில் இரண்டு கிலோ. வகுப்பில் ஒரு அக்காவுக்கு முழங்கால் தேய்மானம், அவரை வஜ்ராசனத்தில் உட்காரவைக்க மாட்டார் டீச்சர். கண் அழுத்தம் உள்ளவர்கள் சிரசாசனம் பக்கமே போகக்கூடாது. ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்களும் மூச்சை அடக்கும் பயிற்சிகளும் ஆகாது. கைபேசிக் காணொளியைப் பார்த்துத் தனியாகத் தொடங்குபவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

ரத்த அழுத்தம் இப்போது 130/84 பக்கம் நிற்கிறது. இதை யோகாவின் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதே சமயத்தில் அப்பளத்தையும் ஊறுகாயையும் கருவாட்டையும் விட்டேன், தூக்கமும் சரியானது. எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. டாக்டரும் பிரிக்கவில்லை, "எதையும் விட்டுடாதீங்க" என்றார்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் மாடி வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு சில்வர் பீச். வடை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. தசைக்காக மஞ்சக்குப்பத்தில் இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்று மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. இன்னொன்றைக் காணோம்.