ரீமாஸ்டரை எதில் கேட்பது? சிடி, எஸ்.ஏ.சி.டி, இசைத்தட்டு, ஸ்ட்ரீமிங்

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த றெக்கோட் பிளேயரை முதல் நாள் சுழலவிட்டபோது, பிரிட்டிஷ் ரொக் குழுவான பிங்க் ஃபுளொய்ட் செத்தவீட்டில் பாடுவது போல இருந்தது. ‘மணி’ பாட்டின் தொடக்கத்தில் வருகிற காசுப்பெட்டிச் சத்தம், எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி இழுபட்டது. 230 வோல்ட்டை 120 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபோமரில்தான் பிழை என்று முதலில் நினைத்தோம். அது பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்தப் பழைய பிளேயரின் மோட்டார் கரண்டின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுழல்வது. கனடாவில் அது 60 ஹேர்ட்ஸ், யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவிலில் 50. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய தட்டு 27.8 சுற்றுத்தான் ஓடியது. பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கும் கூடக் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் கப்பியை அளந்துகொண்டு போய், அதைவிட ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூடிய பித்தளைக் கப்பி ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பிறகுதான், ரீமாஸ்டரை, அதாவது பழைய பதிவின் ஒலியைத் திரும்பச் சீர்செய்து வெளியிட்டதை, எதில் கேட்பது நல்லது என்ற இந்த ஒப்பீட்டையே தொடங்க முடிந்தது.

ஒப்பிட்டது பெரும்பாலும் ஒரே அல்பம்தான்: பிங்க் ஃபுளொய்டின் 1973இல் வந்த ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’. எண்பதுகளில் அச்சான சிடி ஒன்று, 2003இல் முப்பதாம் ஆண்டுக்கு வந்த எஸ்.ஏ.சி.டி (சுப்பர் ஓடியோ சிடி, சிடியைவிட நுணுக்கமாக ஒலியைப் பதியும் தட்டு), பின்னாளில் வந்த இசைத்தட்டு, ஃபோனில் ஸ்ட்ரீமிங். எல்லாம் ஒரே அம்ப்ளிஃபயர், ஒரே சோடி ஸ்பீக்கர். மின்விசிறியை மட்டும் நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் அது சின்னத் தியாகம் இல்லை.

இந்த நாலில் அந்த 2003 தட்டைப் பற்றித்தான் கனக்கச் சொல்ல இருக்கிறது. அது இரண்டு அடுக்குள்ள தட்டு. சாதாரண பிளேயர் சிடி அடுக்கை வாசிக்கும், எஸ்.ஏ.சி.டி வாசிக்கத் தெரிந்த பிளேயர் மற்ற அடுக்கை வாசிக்கும். முதலில் சிடி அடுக்கைப் போட்டேன், பிறகு எஸ்.ஏ.சி.டியின் ஸ்டீரியோவை. கூட இருந்த மச்சான் யோசிக்கவே இல்லை. “சிடிதான்ரா. ஆள் முன்னுக்கு வந்து நிண்டு பாடுறான்” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சரி, இனி சத்தத்தைச் சமப்படுத்திப் பார்ப்போம் என்று, ஃபோனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, நாங்கள் இருக்கும் இடத்தில் இரண்டும் ஒரே டெசிபெல் காட்டும்வரை குமிழைத் திருப்பினோம். கூட்டியே பதிந்திருந்த சிடி அடுக்கைக் குறைக்க வேண்டி வந்தது. பிறகு ‘டைம்’ பாட்டு. அதன் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொன்றாகப் பதிந்துவந்தவை. எஸ்.ஏ.சி.டி அடுக்கில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு நுனி இருந்தது, அடித்த இடம் தெரிந்தது. சிடி அடுக்கில் அந்த நுனியை யாரோ அரத்தால் ராவிவிட்டது போல இருந்தது. மச்சான் பேசாமல் இருந்தான். அப்புறம் எண்பதுகளின் சிடியை அதே அளவில் போட்டேன். அதில் நுனி இருந்தது! ரேப்பின் (மூல ஒலிநாடாவின்) இரைச்சல் கொஞ்சம் கூட, பேஸ் கொஞ்சம் மெலிவு. ஆனால் மணி மணியாகவே கேட்டது.

இரண்டும் சிடிதான். எல்லாச் சிடிக்கும் உள்ள அதே பதிவுத் தரம்: 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். ஒன்றில் இருப்பது மற்றதில் ஏன் இல்லை? மாஸ்டரிங் (தட்டு அடிக்க முந்திய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தவர்கள் 2003இன் சிடி அடுக்கை மட்டும் நசுக்கிக் கூட்டியிருக்கிறார்கள். காரில் கேட்பவருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவருக்கும் அது எடுப்பாக இருக்கும் என்ற கணக்கு. உச்சங்களை வெட்டினால் மிச்சத்தை உயர்த்தலாம். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘நல்லாயிருக்கு’ என்றுதான் சொல்லும். கடைக்காரர் தராசில் பெருவிரலை வைக்கிற மாதிரி.

அப்படியானால் எஸ்.ஏ.சி.டி என்ற வடிவத்துக்குத் தனி மகிமை இருக்கிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், எஸ்.ஏ.சி.டியின் ஒலியை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஆனாலும் அதே ஆய்வாளர்கள் அந்தத் தட்டுகள் பல கேட்க நன்றாக இருப்பதை ஒத்துக்கொண்டார்கள்: தயாரித்தவர்கள் கவனமாகத் தயாரித்திருக்கிறார்கள்.

அமெரிக்க ரொக் குழு நிர்வானாவின் ‘நெவர்மைன்ட்’ அல்பமும் இதே கதைதான். 1991இன் சிடியில் மெல்லிய பகுதிக்கும் வெடிக்கிற பகுதிக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும். 2011 ரீமாஸ்டரில் அந்தப் பள்ளத்தை நிரவி ரோடு போட்டுவிட்டார்கள். பழைய ரொக் எல்லாம் இப்படிக் கெட்டது என்று சொல்லவும் முடியாது. கிற்றார்காரர் ஜிம்மி பேஜ் 2014இல் தொடங்கி வெளியிட்ட, தன் குழுவான லெட் செப்பலினின் ரீமாஸ்டர்கள் எனக்கு முந்திய சிடிகளைவிடப் பிடித்திருக்கின்றன.

இனி இசைத்தட்டு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு பாடுபட்டுக் கப்பி கடைந்தபிறகு இதற்கு இரண்டாம் இடம்தான் கொடுக்க முடிகிறது. அல்பம் தொடங்குவது இதயத் துடிப்பில். மெல்ல மெல்ல எழும்பி வரும் அந்தத் துடிப்பு, எங்கள் தட்டில் தூசியின் பொரிச் சத்தத்துக்குப் பின்னால்தான் கேட்கிறது. இரண்டாவது சிக்கல் தட்டின் உள்வட்டம். சுற்றும் வேகம் ஒன்றுதான், ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு அரை மீற்றர் பள்ளம் ஓடுகிறது என்றால், உள்ளே போகப் போக அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அந்தக் குறுகிய இடத்துக்குள் அதே அளவு ஒலியை எழுத வேண்டும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு எது? கிளேர் ரொறி சொல்லே இல்லாமல் குரலை உயர்த்தி அழுகிற பாட்டு. அல்பத்திலேயே அதிகம் இடம் தேவைப்படும் குரல், இடம் மிகக் குறைந்த மூலையில். உச்சத்துக்குப் போகும்போது குரலில் மணல் விழுந்தது போலக் கரகரக்கிறது. நடுப்பகுதிப் பாட்டுகள் அருமை, அதை மறைக்கவில்லை.

வெப்பமும் ஈரமும் வேறு. சித்தப்பா மூன்று தட்டு கொண்டுவந்தார். ஒன்று வான் வண்டியின் பின்சீற்றில் கொழும்பிலிருந்து வந்தது, பகல் முழுக்கக் கண்ணாடி வழியாக வெயில். இப்போது அது அப்பளம். மாரி வந்தால் உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். “இசைத்தட்டென்றால் முழுக்க அனலொக்” என்று சத்தியம் செய்கிறவர்களிடமும் கொஞ்சம் கவனம். பெயர்போன ஒரு மறுபதிப்பு நிறுவனம் தன் தட்டுகளுக்கு இடையில் டிஜிட்டல் படி ஒன்றை வைத்திருந்தது 2022இல் வெளியே வந்தது. அதுவரை கேட்டு ரசித்த காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றிச் சுருக்கமாக. லொஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத) தரம் சிடிக்குக் குறைவில்லை. அப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. வயர் ஹெட்போனில் கேளுங்கள், புளூடூத் திரும்பவும் சுருக்கிவிடும். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருவதால், நசுக்கிய ரீமாஸ்டரின் தந்திரம் அங்கே பலிக்காது: சத்தம் குறைந்து, தட்டையான ஒலி மட்டும் மிஞ்சும். எனக்குள்ள குறை வேறு. பெரும்பாலான பழைய அல்பங்களுக்கு அங்கே கிடைப்பது ஆகக் கடைசியாக வந்த ரீமாஸ்டர் மட்டும். 1991இன் நெவர்மைன்ட் வேண்டும் என்றால் யாரைக் கேட்பது? சிடியைவிடக் கூடிய தரம் என்று விற்கும் 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் கோப்புகள் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். ஒரு அல்பத்துக்கு ஒன்றரை ஜிபி போல டேட்டா போகிறது, என் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

கசற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நடுநிலை தவறிவிடுவேன். இந்த அல்பத்தை நான் முதலில் கேட்டது தொண்ணூறுகளில், பிரதி எடுத்ததையே பிரதி எடுத்த ஒரு கசற்றில். போர்க்காலம்; கரண்ட் இல்லை, பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா மிதிப்பார், டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேப்புக்குள் போகும். அவர் களைத்தால் பாட்டும் களைக்கும். றெக்கோட் பிளேயர் 27.8இல் ஓடிய அன்று எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம். அந்த இழுவையில்தான் நான் இந்தப் பாட்டுகளைப் பாடமாக்கியிருந்தேன்.

போன கிழமை சித்தப்பா ஃபோன் எடுத்தார். ஆவணியில் வருகிறாராம், என்ன தட்டு வேண்டும் என்று கேட்டார். தட்டு வேண்டாம், பழைய சாமான் கடைகளில் கிடக்கும் சிடிகள் போதும், உறையில் ரீமாஸ்டர் என்ற சொல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள் என்றேன். கொஞ்சநேரம் சத்தமில்லை.

“உதை இங்க சனம் குப்பையில எறியுது தம்பி” என்றார்.

“ஓம், எறிய முந்தி வாங்குங்கோ.”