தி பேங்க் ஜாப் (2008): சுரங்கம் வரை பிரமாதம்

கொள்ளை கச்சிதமாக முடிகிறது. அள்ளிவந்த லாக்கர்களுக்குள் இருந்ததில்தான் வில்லங்கம். ரோஜர் டொனால்ட்சன் இயக்கிய இந்தப் படத்தின் அடிப்படை, 1971 செப்டம்பரில் லண்டன் பேக்கர் தெரு லாய்ட்ஸ் வங்கியில் நிஜமாகவே நடந்த கொள்ளை.

கடனில் தத்தளிக்கும் கார் வியாபாரி டெர்ரியாக ஜேசன் ஸ்டேத்தம். வழக்கமான பறந்து அடிக்கும் வேலை இதில் குறைவு. அதனாலேயே நன்றாக நடித்திருக்கிறார். பழைய தோழி மார்ட்டீன் (சாஃப்ரன் பர்ரோஸ்) லாக்கர் அறையைக் காட்டி ஆசைமூட்டுகிறாள். அவளை உளவுத்துறை ஆட்டுவிக்கிறது என்பது டெர்ரிக்குத் தெரியாது.

படத்தின் உயிர் சுரங்கத்தில் இருக்கிறது. வங்கிக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தோல் பொருள் கடையை வாடகைக்கு எடுத்து, நடுவிலுள்ள கோழிக்கறி உணவகத்துக்கு அடியில் சுமார் 40 அடி தோண்டுகிறார்கள். லாக்கர் அறையின் கதவில் டைம் லாக். வார இறுதியில் மேனேஜரே நினைத்தாலும் திறக்க முடியாது. அதனால்தான் தரை வழி. அங்கிருந்த அலாரமோ, தெருவில் நடந்த சாலை வேலையால் சும்மா சும்மா அடிக்கிறதென்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நிஜக் கும்பல் முதலில் ஜாக்கி வைத்துக் கான்கிரீட்டைத் தூக்கப் பார்த்தது, அசையவில்லை. தெர்மல் லான்ஸால் (கடும் வெப்பத்தில் எரிந்து உருக்கும் இரும்புக் குழாய்) உருக்கப் பார்த்தது, அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வெடி வைத்தார்கள். இந்த இழுபறிக்குப் படம் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

வாக்கி டாக்கி காட்சிகளுக்குத் தாராளமாகக் கைதட்டலாம். மொட்டை மாடியில் ஒருவன் காவல். அவன் கீழே இருப்பவர்களோடு பேசுவதை ரேடியோ ஆர்வலர் ஒருவர் தற்செயலாகக் கேட்டு டேப்பில் பதிந்துவிடுகிறார். எங்கோ ஒரு வங்கி உடைபடுவது போலீசுக்குத் தெரிகிறது, எந்த வங்கி என்று தெரியவில்லை. பேசுகிறவர்கள் தப்பித்தவறிக்கூட தெருவின் பெயரைச் சொல்வதில்லையே! நூற்றுக்கணக்கான கிளைகளைச் சோதித்தார்கள். இந்தக் கிளைக்கும் வந்தார்கள். கதவு பூட்டியபடி இருந்ததால் திரும்பிப் போனார்கள். கும்பல் அப்போது உள்ளேதான் இருந்தது. இதை எந்தத் திரைக்கதை ஆசிரியராவது கற்பனையாக எழுதியிருந்தால் லாஜிக் இல்லை என்றிருப்போம்.

இரண்டாம் பாதி கூட்ட நெரிசல். அரச குடும்பப் பெண்ணின் அந்தரங்கப் படங்கள், கறுப்பின இயக்கத் தலைவர் மைக்கேல் எக்ஸ், லண்டன் சோஹோ பகுதியின் ஆபாசத் தொழில் முதலாளி, மாமூல் வாங்கும் போலீஸ் என எல்லோரும் ஒரே நேரத்தில் துரத்துகிறார்கள். அரச குடும்பப் படங்கள் விவகாரத்துக்கு ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை, சினிமாவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். லாக்கரில் கிடைக்கும் போலீஸ் மாமூல் கணக்கு நோட்டு மட்டும் அந்தக் காலத்து லண்டனுக்குப் பொருத்தமான சரக்கு: ஆபாச வெளியீடுகளைத் தடுக்க வேண்டிய பிரிவின் அதிகாரிகளே லஞ்ச வழக்கில் 1970களில் சிறைக்குப் போனார்கள். ஆபாசத் தொழில் முதலாளியாக வரும் டேவிட் சூஷே, குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார். டிவி தொடரில் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவாக மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

லண்டன் கொச்சை வேகமாக ஓடும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நிர்வாணக் காட்சிகளும் ஒரு கொடூரமான சித்திரவதையும் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.