மின்மடலுக்கு ஆள் சேர்த்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உங்கள் பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள்

மாடித்தோட்டம் பற்றி வாரம் ஒரு மின்மடல் எழுதுகிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போகும். நான்கு வருடங்களில் ஒவ்வொருவராகச் சேர்ந்து 1,140 பேர். அதில் 86 பேர் மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள். மகளின் கல்லூரி பஸ் கட்டணமும் வீட்டு கரண்ட் பில்லும் அந்தப் பணத்தில்தான் போய்க்கொண்டிருந்தன. ரீல்ஸ் போட்டு, லைவ் நடத்தி மூன்றே மாதத்தில் 3,000 வாசகர்களைச் சேர்த்துத் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்திடம் 36,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, இருந்த வாசகர்களுக்கும் மடல் போகாமல் நின்றதுதான் பெரிய அடி. என்னைப் போலச் சின்னதாக மடல் நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

2025 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்தது. அப்புறம் போன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க எழுதுற வேலையை மட்டும் பாருங்க. ஆளைக் கூட்டிட்டு வர்றது எங்க பொறுப்பு" என்றார். 24 ரீல்ஸ், 6 லைவ் உரையாடல், 3,000 சந்தாதாரர்கள் கேரண்டி. மொத்தம் 60,000 ரூபாய், முன்பணம் 36,000. ஜிபேயில் அனுப்பச் சொன்ன எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க பார்ட்னர் அக்கவுண்ட் மேடம், ஜிஎஸ்டி பில்லு கடைசியில மொத்தமா தந்துடுவோம்" என்றார். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

ரீல்ஸ் வர ஆரம்பித்தன. நான் அனுப்பிய வீடியோக்களை வெட்டி, சினிமாப் பாட்டைச் சேர்த்து, மேலே மஞ்சள் எழுத்தில் ஒரு வரி போடுவார்கள். என் குரலே இருக்காது. நான்காவது ரீல் பஞ்சகவ்யம் பற்றியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று நான் வீடியோவில் சொல்லியிருந்தேன். எல்லோரும் தெளிப்பதற்குப் பயன்படுத்தும் மூன்று சதவீத அளவு அதுதான். திரையில் அவர்கள் போட்டது 300 மில்லி. எனக்குக் காட்டாமலேயே பதிவேற்றிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் படம் அனுப்பினார். தொட்டியில் பத்து மிளகாய்ச் செடி, பூ வைத்திருந்த பருவம். இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. "அக்கா, நீங்க சொன்ன அளவுதானே ஊத்துனேன்" என்று எழுதியிருந்தார். நான்கு வருடத்தில் என்னை நம்பி ஒருவர் செடியை இழந்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விதையும் நாற்றும் கொரியரில் அனுப்பி வைத்தேன். ரீலை எடுக்கச் சொன்னதற்கு, "நல்லா ஓடிட்டு இருக்கு மேடம், இப்ப எடுத்தா ரீச் போயிடும்" என்று பதில் வந்தது. நானே நீக்கினேன்.

ஆறாவது ரீலை யூடியூப் ஷார்ட்ஸிலும் போட்டார்கள். அங்கே 1,80,000 பார்வை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, மீதி 24,000-ஐக் கேட்டார்கள். நானும் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பது உண்மை. ஆனால் அந்த வாரம் மடலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஏன் என்று நானே உட்கார்ந்து தேடிப் படித்தேன். அவர்கள் எனக்குச் சொல்லாமல் விட்டது இரண்டு விஷயம்.

ஒன்று, யூடியூப் 2025 மார்ச் 31-லிருந்து ஷார்ட்ஸ் பார்வையை எண்ணும் முறையை மாற்றிவிட்டது. வீடியோ ஓட ஆரம்பித்தாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை. விரலால் தள்ளிக்கொண்டு போகிறவரும் அதில் சேர்த்தி. நின்று பார்த்தவர்கள் எத்தனை என்பது, வீடியோ போட்டவர் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் 'எங்கேஜ்டு வியூஸ்' என்று தனியாக இருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தப் பகுதியை வெட்டியிருந்தார்கள். என் கணக்கைத் திறந்து பார்த்தேன். பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற பட்டியலில் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத நாடுகள்தான் மேலே இருந்தன.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஷார்ட்ஸின் விவரத்திலோ கமெண்டிலோ இணைப்பு கொடுத்தால் அதைத் தொட்டாலும் திறக்காது. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்தே அப்படித்தான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸின் கேப்ஷனிலும் அதே கதை. பார்த்தவர் ரீலை விட்டு வெளியே வந்து, என் பக்கத்துக்குப் போய், பயோவில் இருக்கும் இணைப்பைத் தொட்டு, மெயில் முகவரியைத் தட்ட வேண்டும். பாட்டு ஓடும் பதினைந்து விநாடி வீடியோ யாரையும் அவ்வளவு தூரம் நடக்க வைக்காது. "இந்த மாத விதைப்புப் பட்டியல் முழுசாக வேண்டுமென்றால் என் பக்கத்தில் இணைப்பு இருக்கிறது" என்று நானே வாயால் சொல்ல வேண்டும். ஒரு ரீலிலும் அந்த வரி இல்லை.

லைவ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு லைவ் என்று சொன்னவர்கள் இரண்டுதான் நடத்தினார்கள். முதல் லைவில் விருந்தினர் வரவே இல்லை, நாற்பது நிமிடம் நான் தனியாகப் பேசினேன். இரண்டாவதில் வந்தவர் அழகுசாதனப் பொருள் விற்பவர். தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. "சூப்பர் மேடம்", "சூப்பர் மேடம்" என்று வரிசையாகக் கமெண்ட் விழுந்துகொண்டே இருந்தது. கத்தரியில் காய்ப்புழுவுக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டபோதும் அதே "சூப்பர் மேடம்".

இனி, மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டது. சந்தாப் படிவத்தை ரீல்ஸோடு இணைக்க வேண்டும் என்று என் மடலை எல்லோருக்கும் அனுப்பித் தரும் இணையச் சேவையின் நிர்வாகி அனுமதியைக் கேட்டார்கள். கொடுத்தேன். புதிதாகச் சேர்பவருக்கு ஓர் உறுதி மெயில் போய், அவர் அதைத் தொட்டால்தான் பட்டியலில் ஏறுவார் என்று வைத்திருந்தேன். "இதனால பாதிப் பேர் விட்டுட்டுப் போயிடுறாங்க மேடம்" என்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் பார்த்தால் பட்டியலில் 3,800 பேர். "பார்த்தீங்களா மேடம்?" என்று வாட்ஸப்பில் கைதட்டும் பொம்மைகளோடு செய்தி.

ஞாயிறு மடல் போனது. மதியத்துக்குள் 600-க்கும் மேல் திரும்பி வந்தன, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. 41 பேர் ஸ்பாம் என்று புகார் அழுத்தியிருந்தார்கள். அதன் பிறகுதான் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். 2,650 முகவரிகள், எல்லாம் வியாழன் அதிகாலை 2.17-க்கு ஒரே நிமிடத்தில் சேர்ந்தவை. முகவரிகளை வரிசையாக அடுக்கிய ஒரு சிஎஸ்வி கோப்பாக மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள். பாதி, பெயரும் நான்கு எண்ணுமாக ஒரே அச்சில் வார்த்தவை. மீதி நிஜ மனிதர்கள். அதில் ஒரு பள்ளி ஆசிரியர் பதில் எழுதியிருந்தார்: "நான் உங்களிடம் எப்போது என் முகவரியைக் கொடுத்தேன்? ஒரு கண்காட்சியில் பரிசுக் கூப்பனில் எழுதிக் கொடுத்தேன், அங்கிருந்து எடுத்தீர்களா?" அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். முகவரியை எடுத்தது நான் இல்லைதான், ஆனால் மடல் என் பெயரில் போயிருக்கிறது.

ஸ்பாம் புகார் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களின் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியில் விதி கொண்டு வந்தது. ஆயிரம் மடலுக்கு மூன்று புகார். நான் சின்ன ஆள்தான், ஆனால் நான் பயன்படுத்தும் சேவை தினமும் லட்சக்கணக்கில் அனுப்புகிற இடம். ஒருவரால் எல்லோர் மடலும் ஸ்பாமுக்குப் போய்விடும் என்பதால் அவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். எனக்கு ஆயிரத்துக்குப் பத்துக்கும் மேல் புகார். திங்கள்கிழமை என் கணக்கை முடக்கினார்கள். முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று விளக்கம் கேட்டார்கள். பதினெட்டு நாள் ஆனது திரும்பக் கிடைக்க. கிடைத்த பிறகும் பழைய வாசகர்கள் பலருக்கு மடல் ஸ்பாமில்தான் விழுந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், முதல் மடலிலிருந்து படிப்பவர், போன் செய்து, "ஏம்மா, உடம்பு சரியில்லையா? மூணு வாரமா மடலைக் காணோமே" என்றார். 86 சந்தாவில் 23 போய்விட்டன.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் "சந்தாதாரர் எண்ணிக்கை அடைந்ததும் சேவை நிறைவுற்றதாகக் கருதப்படும்" என்று ஒரு வரி. எண்ணிக்கை வந்துவிட்டதே என்கிறார்கள். பிறகு நான் அழைக்க முடியாதபடி என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தேன். பணம் போன கையோடு அழைத்தால்தான் அந்தக் கணக்கை நிறுத்தி வைக்க வழி உண்டு, நான் இரண்டு மாதம் கழித்து அழைத்தேன். புகாரைப் பதிந்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாயும் வரவில்லை.

ரீல்ஸும் லைவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் நாட்டு விதை சேகரிக்கும் ஒரு பெரியவரோடு நானே போனை வைத்து லைவ் போட்டேன். அவர் உள்ளங்கையில் அவரை விதையைக் கொட்டி, பூச்சி துளைத்த விதையை விரல் நகத்தால் ஒதுக்கிக் காட்டினார். பார்த்தவர்கள் 44 பேர். அன்று ராத்திரிக்குள் 31 பேர் மடலில் சேர்ந்தார்கள், உறுதி மெயிலையும் தொட்டு. அந்தப் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை வெட்டி ரீலாகப் போட்டேன். அதில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். அவரைத் தேடி வந்தவர்களுக்கும் விதையில்தான் ஆர்வம், என் மடலும் அதைப் பற்றியதுதான். அதனால் வந்தவர்கள் நின்றார்கள்.

யாராவது உங்களிடம் எண்ணிக்கைக்குக் கேரண்டி சொன்னால், அந்த முகவரிகள் எந்த வழியாக வரும் என்று எழுத்தில் கேளுங்கள். நிர்வாகி அனுமதியைக் கொடுக்காதீர்கள், படிவத்தின் இணைப்பு மட்டும் அவர்களுக்குப் போதும். உறுதி மெயிலை எடுக்கச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பட்டியலின் ஒரு பிரதியை இன்றைக்கே இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அது என்னிடம் இருந்ததால்தான் பழைய 1,140 பேரையும் பிரித்தெடுக்க முடிந்தது.

"எண்ணிக்கை அடைந்ததும் சேவை நிறைவுற்றதாகக் கருதப்படும்" என்ற அதே வரியோடு உங்களிடம் யாராவது ஒப்பந்தம் நீட்டியிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களும் எழுதுங்கள். தனித்தனியாகப் போவதைவிட நாலு பேர் புகாரை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.