லிஸ்பனில் கடைசி நாள்: பெலெமா, அக்கரையா?

சுற்றுலாவின் கடைசி நாள் முழு நாள் கிடையாது. காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். இரவு எட்டு மணிக்கு விமானம் என்றால் நாலரைக்கெல்லாம் பெட்டியோடு கிளம்பிவிட வேண்டும். நடுவில் கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். அதை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

நானும் என் கணவரும் லிஸ்பனுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம், இரண்டுமே செப்டம்பரில். முதல் தடவை கடைசி நாளை மேற்கே பெலெமில் கழித்தோம். இரண்டாவது தடவை படகேறி தேஜோ ஆற்றின் அக்கரைக்கு, கசில்யாஸுக்குப் போனோம். இரண்டையும் அனுபவித்துவிட்டதால் இப்போது ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

பெலெமுக்குப் போகாமல் லிஸ்பனைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அது உண்மைதான். 1501-இல் மன்னர் முதலாம் மனுவேல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடம் அங்கே இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது போட்ட வரிதான் அதற்குக் கல்லும் கூலியும் ஆனது. உள்முற்றத்துத் தூண்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் கப்பல் கயிறு முறுக்கு முறுக்காகக் கல்லில் ஓடுகிறது. மடத்துத் தேவாலயத்தில் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்து, அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டு, 1539-இல் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர். பெலெமுக்கு வந்து சேர்ந்தது 1880-இல். கொச்சியில் அந்தப் பழைய குழியைப் பார்த்திருந்த எங்களுக்கு, கைகூப்பிப் படுத்திருக்கும் அந்தக் கற்சிலை முன்னால் சட்டென்று நகர முடியவில்லை. நம் கடற்கரையின் ஐந்நூறு ஆண்டுக் கதையைத் திருப்பிவிட்ட மனிதர். மரியாதையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

ஆனால் கடைசி நாளுக்கு பெலெம் சரிப்படாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. 15-ஆம் எண் டிராமில் நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. (கைஷ் டு சொத்ரே நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, பத்து நிமிடத்துக்குள் பெலெம். அடுத்த முறை போகிறவர்கள் அதில் போங்கள்.) மடத்துக்கு வரிசை, 1519-இல் கட்டி முடித்த பெலெம் கோபுரத்துக்கு வரிசை, 1837 முதல் அங்கே சுட்டு விற்கிற முட்டைப் பாலேட்டுப் பணியாரத்துக்கும் வரிசை. பணியாரம் காத்திருந்ததற்கு ஈடாகத்தான் இருந்தது. மேல் தட்டு அப்பளம் போல நொறுங்குகிறது, உள்ளே சூடு ஆறவில்லை, மேலே பட்டைத்தூள். அதைக்கூட நின்றபடியே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். திங்கட்கிழமை என்றால் மடமும் மூடியிருக்கும். கடைசி நாளில் ஒரு கண் எப்போதும் மணியின் மேல் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது அது இரண்டு கண்ணாகிவிடுகிறது.

கிழக்கே 1998 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய பார்க் தஷ் நசோயிஷ் இன்னொரு வழி. விமான நிலையத்திலிருந்து மூன்றாவது மெட்ரோ நிலையம். குழந்தைகள் கூட இருந்தாலோ மழை பெய்தாலோ அங்குள்ள பெரிய மீன் காட்சியகத்துக்குத் தாராளமாகப் போகலாம். கணவனும் மனைவியும் மட்டும் என்றால் எனக்கு அது தோன்றாது.

சரி, அக்கரை. இரண்டாம் முறை அறையைக் காலி செய்தபோது வரவேற்பில் இருந்த பெண் கையை நீட்டி "ஷாவ்?" என்றார். சாவியைத்தான் கேட்கிறார். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் என்று படித்தது தெரியும். அந்த ஊர்க்காரர் வாயால் கேட்டபோது சாவியை நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்ததும் இவர், "பெலெமுக்கு இன்னொரு தடவை போகணுமா?" என்றார். "வேண்டாங்க, இன்னைக்கு வரிசையே வேண்டாம்" என்றேன்.

கைஷ் டு சொத்ரே படகுத்துறையிலிருந்து கசில்யாஸுக்குப் பத்து நிமிடம். வேலைக்குப் போய்வருகிறவர்களின் படகு என்பதால் அடிக்கடி வருகிறது, கட்டணமும் குறைவு. 24 மணி நேரப் பயணச்சீட்டு வாங்குபவர்கள் படகையும் சேர்த்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணச் சீட்டு மெட்ரோ, டிராம், பேருந்துக்குத்தான், படகில் செல்லாது.

அக்கரையில் இறங்கியதும் கண்ணில் படுவது மூன்று பாய்மரம் கொண்ட ஒரு போர்க்கப்பல். டோம் ஃபெர்னாண்டோ இரண்டாமவர் மற்றும் க்ளோரியா என்று பெயர். 1843-இல் கட்டி நீரில் இறக்கியது எங்கே தெரியுமா? நம் குஜராத் கரையோரத்து டாமனில். முழுக்கத் தேக்கு. போர்ச்சுகலுக்கும் இந்தியாவுக்கும் இடையே பாய்விரித்து ஓடிய கடற்படைக் கப்பல்களில் இதுதான் கடைசி. 1963-இல் தீப்பிடித்து, முப்பது ஆண்டுக்கு அருகே ஆற்றுச் சேற்றிலேயே கிடந்து, பிறகு மீட்டுச் சீரமைக்கப்பட்டது. பீரங்கித் தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டும். இவர் ஓர் உத்தரத்தில் உள்ளங்கையை வைத்தபடி ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பெலெமில் நாங்கள் பார்த்தது மன்னரின் பெருமை. இங்கே பார்த்தது டாமன் தச்சர்களின் கைவேலை. என் மனது இதன் பக்கம்தான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஆளைப் பொறுத்தது. கசில்யாஸ் மீன்காரர்களின் இடம். சுட்ட மத்தி, கல் உப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே ஆலிவ் எண்ணெய். நம் மத்திக்கு உறவுக்கார மீன்தான், மசாலா மட்டும் இல்லை. சைவம் என்றால் அங்கே திண்டாட்டம்தான். கீரை சூப் என்று கேட்டால்கூட அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதந்து வரலாம். சைவக்காரர்களுக்கு பெலெம் மேல்.

நான் அக்கரைக்கு ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம் இன்னும் சொல்லவில்லை. பெலெம் வடகரையில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்தால் மதிய வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கசில்யாஸில் சூரியன் முதுகுப்பக்கம் வந்துவிடுகிறது, எதிர்க்கரை ஊர் முழுவதும் வெளிச்சத்தில் நிற்கிறது. அப்போதுதான் ஊரின் கதையே புரிந்தது. 1755 நவம்பர் 1 நிலநடுக்கம், கடல் கொந்தளிப்பு, தீ மூன்றும் சேர்ந்து நடுவில் இருந்த தாழ்வான பகுதியைத் துடைத்துவிட்டன. மன்னரின் அமைச்சர் மார்க்கேஸ் தெ பொம்பால் அதைக் கோடு போட்டாற்போல் நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். வலப்பக்கம் அல்ஃபாமா மேடு அந்த அழிவுக்குப் பெரும்பாலும் தப்பியது. அங்கே வீடுகள் இன்றும் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆற்றங்கரைச் சதுக்கத்தில் இருந்த அரண்மனை அன்றே போய்விட்டது, ஆனாலும் ஊர்க்காரர்கள் அதை இன்னும் அரண்மனைத் திடல் என்றுதான் சொல்கிறார்கள். நான்கு நாள் அந்தத் தெருக்களில் கால் வலிக்க நடந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை லிஸ்பன் போகிறவர்கள், பெலெமை இன்னும் பார்க்காதவர்கள், கடைசி நாளானாலும் காலையிலேயே பெலெமுக்குப் போய்விடுங்கள். பார்த்துவிட்டவர்கள் படகேறுங்கள். குன்றின் மேல் நிற்கும் கிறிஸ்து சிலைக்கும் அங்கிருந்து பேருந்து உண்டு. நாங்கள் போகவில்லை, அவசரப்பட்டு ஏறி இறங்க மனமில்லை.

மூன்றரைக்குத் திரும்பும் படகைப் பிடித்தோம். இவர் முன்னால் போய் இடம் பார்த்து, "ஜன்னல் பக்கம் நீ உட்காரு" என்றார்.