மத்தியதரைக் கடல் கப்பல் பயணம்: எந்தத் துறைமுகத்தில் இறங்கி எதைச் சாப்பிடுவது

பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, சிவிடாவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ. ஏழு இரவு மேற்கு மத்தியதரைக் கடல் பயணத்தில் பெரும்பாலும் இவைதான் முன்பின்னாக வரும். கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம் என்பதால், கரையில் காசு செலவழிப்பானேன் என்று ஒரு காபியோடு திரும்பிவிடுபவர்கள் நிறைய பேர். அது பெரிய நஷ்டம். அடுப்பிலிருந்து எடுத்த நிமிஷமே சாப்பிட வேண்டிய பண்டங்கள் எந்த பஃபேயிலும் சரியாக வராது, இந்த ஊர்களில் அவைதான் சிறப்பு. காசிமேட்டு மீனில் வளர்ந்த நாக்கு, சவுகார்பேட்டை சைவ வீடு, மண்ணடியில் ஹலால் பார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் மனதில் வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதலிடம் பலெர்மோவுக்கு. கப்பல் நிற்கும் இடமே ஊரை ஒட்டித்தான். துறைமுக வாயிலைத் தாண்டி வியா எமெரிகோ அமாரி தெருவில் நேரே பத்து நிமிஷம் நடந்தால் பொலிதேயாமா அரங்கம். அங்கே இடதுபுறம் திரும்பி இன்னொரு பத்து நிமிஷம் போனால் தேயாத்ரோ மாசிமோ என்ற இசை நாடக அரங்கம், அதன் பின்னால் காப்போ சந்தை. காலை நேரத்திலேயே போய்விடுங்கள்.

அங்கே முதலில் வாங்க வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி. கட்டி விழாமல் கரைத்து, களி கிண்டுவது போல அடுப்பில் கை விடாமல் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து துண்டு வைத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நம் பஜ்ஜியில் கடலை மாவு மேல்பூச்சு மட்டும்தான், இங்கே மாவே பண்டம். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தால் சரியான பதம். பொரித்துக் குவித்து வைத்ததை எடுத்துக் கொடுத்தால் தோல் போல இழுக்கும், அதனால் எண்ணெயிலிருந்து வருவதற்கு இரண்டு நிமிஷம் நின்று வாங்குங்கள். வெங்காயம், பூண்டு இல்லாத பண்டம் இது. ஆனால் சில கடைகளில் அதே எண்ணெயில் மீனும் பொரிப்பார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது அரன்சினா. குங்குமப்பூ போட்டு வேகவைத்த சோற்றை உருட்டி, உள்ளே பூரணம் வைத்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்தது. இங்கேதான் சைவர்கள் ஏமாறுகிறார்கள். ‘அல் புர்ரோ’ என்றால் வெண்ணெய் போட்டது, ஆகவே சைவம் என்று நினைத்து வாங்குவார்கள். அதற்குள் சீஸோடு பன்றி இறைச்சி ஹாமும் இருப்பது வழக்கம். ‘கார்னே’ என்று போட்டிருந்தால் கொத்துக்கறியும் பட்டாணியும், அதிலும் பன்றி கலந்திருக்கலாம். ‘ஸ்பினாச்சி’ என்ற கீரைப் பூரணம் உள்ள கடையில் அதை வாங்குங்கள்.

சுவரொட்டி பிரியர்கள் ‘பனி கா மேவுசா’வை விடக்கூடாது. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, கொழுப்பில் வதக்கி பன்னில் திணித்துத் தருகிறார்கள். வெறும் எலுமிச்சையோடு ஒரு வகை, ரிக்கோட்டா என்ற மென்மையான பால்கட்டியும் காச்சியோகவால்லோ சீஸும் போட்டு இன்னொரு வகை. முதல் வகைதான் உயர்வு, சீஸ் போட்டால் மண்ணீரலின் ருசி அமுங்கிவிடுகிறது. வதக்கும் கொழுப்பு பன்றிக் கொழுப்பு என்பதால் ஹலால் பார்ப்பவர்களுக்கு இது ஆகாது. 1834 முதல் நடக்கும் அந்திகா ஃபோகச்செரியா சான் ஃபிரான்செஸ்கோவில் உட்கார்ந்து சாப்பிடலாம், சந்தையில் தள்ளுவண்டியிலும் கிடைக்கும்.

இரண்டாவது நேப்பிள்ஸ். கப்பல் நிற்கும் மோலோ அஞ்சொயினோவுக்கு எதிரிலேயே காஸ்தெல் நுவோவோ கோட்டை. அங்கிருந்து சுமார் 25 நிமிஷ நடையில், வியா செசாரே செர்சாலே தெருவில் 1870-இல் தொடங்கிய தா மிக்கேலே பீட்சா கடை இருக்கிறது. வாசலில் டோக்கன் எண் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், எண்ணை இத்தாலிய மொழியில்தான் கூப்பிடலாம் என்பதால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை மணிக்குப் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், பதினொரு மணி வாக்கில் போனால் நிம்மதி. மார்கரீட்டா, மரினாரா இரண்டும்தான் இங்கே பெயர் பெற்றவை. மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும், சீஸ் கிடையாது.

நம் ஊர் பீட்சா பழகியவர்கள் இங்கே நடுப்பகுதி ஈரமாக இருப்பதைப் பார்த்து வேகவில்லை என்று முகம் சுளிப்பார்கள். அதுதான் அதன் லட்சணம். விறகடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும், பீட்சா உள்ளே கிடப்பது 60 முதல் 90 விநாடி. அந்த நேரத்தில் ஓரம் உப்பிக் கரும்புள்ளி விழும், நடுவில் உள்ள தக்காளிச் சாறு வற்றாது. அடிப்பக்கம் முழுக்கக் கறுத்துக் கசந்தால்தான் குறை. மாவை நகர்த்தத் தூவிய உலர்மாவு அதிகமாகி அடுப்பில் கருகினால் அப்படி ஆகும். உட்கார நேரமில்லாதவர்களுக்கு ‘ஆ போர்த்தாஃபோல்யோ’, நாலாக மடித்துக் காகிதத்தில் கையில் தருவது, மலிவும் கூட.

காசிமேட்டுக்காரர்கள் திரும்பும் வழியில் பிஞ்ஞாசெக்கா சந்தைக்குள் நுழைய வேண்டும். காகிதக் கூம்பில் பொரித்த மீன் விற்பார்கள், பெயர் குவோப்போ. நெத்தலியும் கடம்பாவும்தான் கேட்டு வாங்க வேண்டியவை. மாவும் உப்பும் தவிர மசாலா எதுவும் இல்லாததால் பழைய எண்ணெய் என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கையோடு மிளகாய்த்தூள் கொண்டுபோயிருந்தாலும், ஒரு தடவை வெறும் எலுமிச்சையோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இனிப்புக்கு வியா தொலேதோவில் உள்ள பின்தௌரோ. ரிக்கோட்டா, ரவை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் உள்ளே வைத்துச் சுட்ட ஸ்ஃபோல்யாத்தெல்லா என்ற மாவுப் பண்டத்தைச் சூடாக வாங்கலாம். அடுக்கடுக்கான ‘ரிச்சா’ வகையின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு என்பதை ஹலால், சைவம் இரண்டு தரப்பும் கவனிக்கவும். காபி கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் உட்கார்ந்தால் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் சேரும், அது ஏமாற்று அல்ல, மெனு அட்டையிலேயே போட்டிருக்கும்.

இத்தாலிய மீன் உணவகத்தில் மெனு அட்டையில் இரண்டு விஷயம் பாருங்கள். பண்டத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன். விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. எத்தோவுக்கு 7 யூரோ என்று பார்த்து மலிவு என ஆர்டர் செய்தால், 600 கிராம் மீனுக்கு 42 யூரோ பில் வரும். சமைப்பதற்கு முன்னால் மீனைக் காட்டி எடை போடச் சொல்லலாம், செவுள் சிவப்பும் கண் தெளிவும் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை மீனைத் தவிர்ப்பது உத்தமம், ஞாயிறன்று படகுகள் அதிகம் போகாது. நம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் மாதிரி அங்கேயும் இழுவலைப் படகுகளுக்கு ஆண்டில் சில வாரம் ஓய்வு உண்டு, தேதி பகுதிக்குப் பகுதி மாறும்.

ஜெனோவா சைவர்களுக்குச் சொர்க்கம். துறைமுகத்தை ஒட்டிய சோத்தோரிப்பா வளைவுகளுக்கு அடியிலும் பின்சந்துகளிலும் ஃபரினாத்தா கிடைக்கும். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். ஆறினால் ரப்பர், அதனால் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும்போது வாங்கி நின்றபடியே முடித்துவிடுங்கள். பெஸ்டோ (பாசில் இலை அரைத்த சட்னி) கலந்த பாஸ்தாவில் உருளையும் பீன்ஸும் சேர்த்துக் கேளுங்கள், அதுதான் அந்த ஊர் முறை. ஆனால் அதில் போடும் பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பைச் சத்தால் உறைய வைத்தது, கறாரான சைவர்கள் ஒதுக்கிவிடலாம்.

மார்சேயில் கப்பல் நிற்பது ஊருக்கு வெகு வடக்கே, பழைய துறைமுகத்துக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். புயாபெஸ் மீன் குழம்புக்கு ஆசைப்படுபவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்த ஊர் சமையல்காரர்கள் 1980-இல் எழுதிய சாசனப்படி குறைந்தது நாலு வகை மீன் இருக்க வேண்டும், மீனை உங்கள் கண்முன் அறுத்துப் பரிமாற வேண்டும், சாறு தனியாக வரும். வாசல் பலகையில் மலிவு விலைக்கு எழுதியிருப்பது அது அல்ல. ஒரு பகல் மட்டும் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகாது என்பது எங்கள் கருத்து. அதற்குப் பதில் நோவாய் பகுதிக்குப் போங்கள், வட ஆப்பிரிக்கக் கடைகள் நிறைந்த இடம், ஹலால் சாப்பாடு தாராளம். குடிதண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காமல் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள்.

பார்சிலோனாவின் போக்கேரியா சந்தை ஞாயிறு மூடியிருக்கும். மற்ற நாளில் வாசலோரக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால்தான் சரக்கு. படம் போட்ட பலகையோடு ஐந்து நிமிஷத்தில் பாயெல்லா தரும் கடைகள் வேண்டாம், அரிசி வேகவே இருபது நிமிஷத்துக்குப் பக்கம் ஆகும். சிவிடாவெக்கியாவிலிருந்து ரோம் ரயிலில் ஒரு மணி நேரம், அங்கே சாப்பாட்டைத் தேடி அலைய நேரம் இருக்காது.

கப்பலுக்குள் பழம், இறைச்சி, திறந்த சீஸ் பெரும்பாலும் விடமாட்டார்கள், சீல் வைத்த பாக்கெட் போகும். ஜெனோவா பெஸ்டோவை வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினால் ஃப்ரிட்ஜ் தேவைப்படாத மூடிய பாட்டிலாக வாங்கி, விமானத்தில் செக்-இன் லக்கேஜில் போடுங்கள். 100 மில்லிக்கு மேல் என்றால் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள்.