பையா, தட்டா? பிள்ளைக்கு வண்ணம் கலக்கப் பழக்க எது தேவலை

சிங்கப்பூரில் நாலறை வீவக அடுக்குமாடி வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஜிப் பையில் மஞ்சளும் நீலமும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றி, வாயை டேப் போட்டு ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் மாட்டிவிட்டால் விரலால் அமுக்கி அமுக்கியே பச்சை வந்துவிடும், தரையும் தப்பிக்கும். ஆனால் கலந்தது கலந்ததுதான். அளவை மாற்றிப் பார்க்க வழியில்லை.

தட்டும் தூரிகையும் வேறு கதை. மஞ்சளில் துளி நீலம் விட்டால் வாழைக்குருத்துப் பச்சை, இன்னும் இரண்டு துளிக்குப் பாண்டான் இலைப் பச்சை. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டும்! எப்போதும் வெளிர்நிறத்தை முதலில் வையுங்கள், நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் டப்பாதான் காலியாகும். ஊதாதான் சொதப்பும். சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் இருந்தால் நீலத்தோடு சேர்ந்து கத்தரிக்காய் நிறத்துக்குப் பதில் மண் நிறம்தான் வரும், மஜெந்தா வாங்கிவிடுங்கள்.

சுத்தம் செய்ய அரைமணி நேரம் போகும், சரி, இருந்தாலும் என் ஓட்டு தட்டுக்கே. பை, பாட்டி வீட்டுக்குக் கிளம்பும் நாளில்.